கணினிப் பாடம்: மதர்போர்ட் மாறினால் விண்டோஸும் மாற வேண்டுமா?



இந்த இதழின் கணினிப் பாடத்தை எங்களுடைய பிழை ஒன்றைச் சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டியுள்ளது. வெட்கமான விஷயம்தான். ஆனாலும் சொல்லாமல் விட்டால் அதே பிழை உங்கள் வீட்டிலும் நடக்கும்.

2018 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். அந்த மாதத்தில் பின்னேரமானால் மலையில் இடி மின்னலுக்குக் குறைவிருக்காது. எங்கள் நிலையத்துக் கொம்பியூட்டரின் வயரை அன்று யாரும் கழற்றி வைக்கவில்லை. பெரிய இடி ஒன்று விழுந்தது. அதற்குப் பிறகு சுவிட்சைப் போட்டால் மெஷினில் அசைவே இல்லை.

டவுனில் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். கடைத் தம்பி பார்த்துவிட்டு, "மதர்போர்ட் எரிஞ்சி போச்சிங்க ஐயா. இதே மாடல் இப்ப வாறதில்ல. பாவிச்சது ஒன்னு இருக்கு, போட்டுத் தாரேன். விண்டோஸும் புதுசாத்தான் போடணும், சரிதானே?" என்று கேட்டார். "போடுங்க தம்பி" என்றோம். அவ்வளவுதான் பேச்சு.

இரண்டு நாளில் கொம்பியூட்டர் திரும்பி வந்தது. நன்றாக ஓடியது. ஆனால் உள்ளே ஒன்றுமே இல்லை. வீடமைப்புச் சங்கத்தின் கடன் பட்டியல், பிள்ளைகளின் நிறுவைக் கணக்கு, உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் அடித்து வைத்த குறிப்புகள், மக்கள் கொண்டு வந்து ஸ்கேன் செய்த பத்திரங்கள் எல்லாம் போய்விட்டன.

நிறுவைக் கணக்கு கார்ட்டுகளில் இருந்தது. கடன் பட்டியலை ஒவ்வொருவரின் புத்தகத்தையும் வாங்கிப் பார்த்து மூன்று மாதத்தில் மறுபடி எழுதினோம். ஆனால் ஓய்வு பெற்ற ஓர் அம்மாவின் காரியம் அப்படி முடியவில்லை. சேமலாப நிதிப் பணத்துக்கு விண்ணப்பிக்க அவருக்குப் பிறப்புச் சாட்சிப் பத்திரம் தேவைப்பட்டது. பழைய பதிவில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறு பெயர். கூரை ஒழுகி நனைந்த பத்திரம் மடிப்போடு மடிப்பாகக் கிழிந்து போயிருந்தது. "அதனால என்னங்க ஐயா, நீங்கதான் மெஷின்ல வச்சிருக்கீங்களே" என்று வந்து நின்றார். வைத்திருந்தோம். இப்போது இல்லை. பதிவு இலக்கமும் தெரியாமல், புதிய பிரதி எடுக்க அலைய வேண்டி வந்தது. கூடப் போன மகள் மூன்று நாள் பேர் இழந்தார். பணம் கைக்கு வர மாதக்கணக்கில் பிந்தியது.

கடைத் தம்பியைக் குறை சொல்ல மாட்டோம். அவர் கேட்டார், நாங்கள் தெரியாமல் "சரி" சொன்னோம். என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பதுதான் இன்றைய பாடம்.

1. மதர்போர்ட் எது, விண்டோஸ் எது?

மதர்போர்டைத் தமிழில் தாய்ப்பலகை என்பார்கள். கொம்பியூட்டர் பெட்டியைத் திறந்தால் உள்ளே பெரிதாக இருக்கும் பலகை அதுதான். புரொசெசர், ரெம், ஹார்ட் டிஸ்க், கீபோர்ட், பிரிண்டர் எல்லாமே அதன் வழியாகத்தான் ஒன்றோடொன்று பேசுகின்றன.

விண்டோஸ் என்பது பணிசெயல் முறைமை. அது பொருள் அல்ல, ஹார்ட் டிஸ்க்கில் எழுதி வைத்த மென்பொருள். உங்கள் கடிதங்களும் படங்களும் இருப்பதும் அதே டிஸ்க்கில்தான். இதை முதலில் மனதில் வையுங்கள். மதர்போர்ட் எரிந்தால் டிஸ்க்கும் எரிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் டிஸ்க் பத்திரமாகவே இருக்கும்.

அப்படியானால் போர்டை மாற்றும்போது விண்டோஸ் ஏன் தடுமாறுகிறது? நமக்குத் தெரிந்த உதாரணம் ஒன்றைச் சொல்கிறோம். ஒரு கணக்கப்பிள்ளை வேறு டிவிஷனுக்கு மாற்றலாகிப் போகிறார். கையில் இருப்பதோ பழைய டிவிஷனின் செக்ரோல். காலையில் பெரட்டுக் களத்தில் நின்று அதைப் பார்த்துப் பேர் கூப்பிட்டால் யார் வருவார்கள்? விண்டோஸின் நிலையும் அதுதான். பழைய போர்டில் இருந்த சத்தச் சிப், நெட்வேர்க் சிப், டிஸ்க்கை இயக்கும் சிப் ஆகியவற்றுக்கு ஏற்ற டிரைவர்களை அது பதிந்து வைத்திருக்கிறது. டிரைவர் என்பது ஒரு பொருளோடு பேசத் தெரிந்த சிறு மென்பொருள். புதிய போர்டில் வேறு சிப்புகள் இருந்தால் பழைய டிரைவர்களால் பயனில்லை.

செக்ரோலைப் புதிதாக எழுதத்தான் வேண்டும். ஆனால் அதற்காக லயத்தைக் கொளுத்த வேண்டியதில்லை. விண்டோஸைப் புதிதாகப் போடுவது ஒரு வேலை, டிஸ்க்கை முழுதாக அழிப்பது வேறு வேலை. இரண்டையும் ஒன்றென்று நினைத்ததுதான் எங்கள் பிழை.

2. எப்போதும் புதிதாகப் போட வேண்டுமா?

இல்லை. நிலைமையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

(அ) அதே மாடல் போர்ட் கிடைத்தால் பழைய விண்டோஸ் அப்படியே ஓடும். புதிதாகப் போடத் தேவையில்லை.

(ஆ) விண்டோஸ் எக்ஸ்பி, விண்டோஸ் 7 போன்ற பழையவற்றை வேறு வகைப் போர்டில் மாட்டினால், பெரும்பாலும் நீலத் திரை வந்து நின்றுவிடும். டிஸ்க்கை இயக்கும் டிரைவர் பொருந்தாததே முக்கிய காரணம்.

(இ) விண்டோஸ் 10, 11 இரண்டும் இதில் கெட்டித்தனமானவை. முதல் தடவை போடும்போது புதிய பொருட்களைத் தேடிச் சிறிது நேரம் எடுக்கும், பிறகு பெரும்பாலும் திறந்துவிடும். ஆனாலும் பழைய டிரைவர்கள் உள்ளே தங்கியிருந்து, பிறகு மெஷின் இடையிடையே நிற்கலாம், சத்தம் வராமல் போகலாம். ஆகவே வகை முற்றாக மாறினால், முக்கியமாக இன்டெலிலிருந்து ஏ.எம்.டி.க்கு மாறினால், புதிதாகப் போடுவதே நல்லது.

(ஈ) உபுண்டு போன்ற லினக்ஸில் பெரும்பாலான டிரைவர்கள் கூடவே வருகின்றன. அதனால் அதே டிஸ்க்கைப் புதிய போர்டில் மாட்டினால் அநேகமாக அப்படியே ஓடும். அதைக் காசு கொடுத்து வாங்கவும் தேவையில்லை. கடிதம், கணக்கு, இன்டர்நெட் மட்டும் போதுமானவர்கள் இதையும் யோசிக்கலாம்.

3. போர்டைக் கழற்றும் முன்

2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் விண்டோஸ் 10 க்கான வழமையான இலவச ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11 க்கு இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய புரொசெசரும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், ஆகக் குறைந்தது 4 ஜி.பி. ரெம்மும் வேண்டும். எங்கள் பழைய போர்டில் அவை இல்லாததால் மறுபடியும் போர்டை மாற்ற வேண்டி வந்தது. இம்முறை அவசரப்படவில்லை. நாங்கள் செய்ததை வரிசையாகத் தருகிறோம்.

முதலாவது, எல்லாவற்றையும் இரண்டு இடத்தில் பிரதி எடுங்கள். ஒன்று வெளியே மாட்டும் ஹார்ட் டிஸ்க்கில், மற்றது பென் டிரைவில் அல்லது வேறொரு கொம்பியூட்டரில். டெஸ்க்டொப், டொகியுமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் ஆகிய நான்கையும் பாருங்கள். டெஸ்க்டொப்பில் கிடப்பதும் சி டிரைவில்தான் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. கணக்கு மென்பொருள் இருந்தால் அதன் தரவு எங்கே சேமிக்கப்படுகிறது என்று கேட்டு அதையும் எடுங்கள். எடுத்த பிரதியை வேறு மெஷினில் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பிரதியைப் பிரதி என்று நம்ப வேண்டாம்.

இரண்டாவது, எழுத்துருக்கள். எங்கள் பழைய கடிதங்கள் எல்லாம் பாமினியில் அடித்தவை. புது விண்டோஸில் பாமினி கூட வராது. கடிதத்தைத் திறந்தால் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் குறிகளும் நிற்கும். கடிதம் கெட்டுவிட்டது என்று பயந்து அழித்துவிடாதீர்கள். பாமினியைப் போட்டதும் தமிழ் திரும்பி வரும். ஆகவே அந்த எழுத்துருவையும் பென் டிரைவில் எடுத்து வையுங்கள். யுனிகோட் தமிழில் அடித்தவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை.

மூன்றாவது, பூட்டு. சில கொம்பியூட்டர்களில் பிட்லொக்கர் என்ற பூட்டு டிஸ்க்குக்குப் போடப்பட்டிருக்கும். சிலவற்றில் நாம் கேட்காமலே போடப்பட்டிருக்கும். அதன் திறப்புப் போர்டில் உள்ள டி.பி.எம்.மோடு சம்பந்தப்பட்டது. போர்ட் மாறினால் 48 இலக்கங்கள் கொண்ட மீட்பு எண்ணைக் கேட்கும். எண் இல்லையென்றால் டிஸ்க் நல்லதாக இருந்தும் உள்ளே போக முடியாது. முதலிலேயே அந்த எண்ணைக் கடதாசியில் எழுதி வையுங்கள், அல்லது பூட்டை எடுத்துவிடுங்கள்.

நான்காவது, உரிமம். கொம்பியூட்டரோடு சேர்ந்து வந்த விண்டோஸ் உரிமம் அந்த மதர்போர்டுக்கே உரியது. வேறு போர்டுக்கு அது செல்லாமல் போகலாம். தனியாகக் கடையில் வாங்கிய உரிமத்தை மாற்றிக்கொள்ளலாம். எதுவாயினும் போர்டைக் கழற்றும் முன் உங்கள் மைக்ரோசொப்ட் கணக்கோடு அதை இணைத்து வையுங்கள். களவாக உடைத்த விண்டோஸைப் போட வேண்டாம். அதோடு வைரசும் கூடவே வரக்கூடும். சங்கக் கணக்கு இருக்கும் மெஷினில் அது ஆபத்து.

ஐந்தாவது, விண்டோஸ் போடும் பென் டிரைவ். மைக்ரோசொப்ட் நிறுவனம் இலவசமாகத் தரும் கருவியைக் கொண்டு, ஆகக் குறைந்தது 8 ஜி.பி. பென் டிரைவில் இதைத் தயாரிக்கலாம். தயாரிக்கும்போது அதில் இருப்பது அழிந்துவிடும், ஆகவே வெறும் பென் டிரைவைப் பாவியுங்கள். புதிய போர்டின் நெட்வேர்க் டிரைவரையும் வேறொன்றில் எடுத்து வையுங்கள். அது இல்லாவிட்டால் இன்டர்நெட் வராது, இன்டர்நெட் வராவிட்டால் மற்ற டிரைவர்களை எடுக்க முடியாது.

4. போர்ட் ஏற்கனவே எரிந்துவிட்டால்?

2018 இல் எங்களுக்குத் தெரியாமல் போனது இதுதான். டிஸ்க்கைக் கழற்றி, அதற்கென்று இருக்கும் யூ.எஸ்.பி. வயரில் மாட்டி, வேறொரு கொம்பியூட்டரில் பிரதி எடுக்கலாம். கடையில் "முதல்ல டிஸ்க்குல உள்ளத எடுத்துக் குடுங்க, பிறகு மத்த வேலை" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த அம்மாவின் பத்திரம் மிஞ்சியிருக்கும்.

5. மாற்றும் வேலை

போர்டை வாங்கும் முன் பொருத்தம் பாருங்கள். எல்லாப் புரொசெசரும் எல்லாப் போர்டிலும் உட்காராது. ரெம்மும் அப்படியே. டி.டி.ஆர். 3 க்கு உரியது டி.டி.ஆர். 4 போர்டில் ஏறாது, டி.டி.ஆர். 4 க்கு உரியது டி.டி.ஆர். 5 போர்டில் ஏறாது. போர்டை மட்டும் வாங்கி வந்து, பிறகு புரொசெசருக்கும் ரெம்முக்கும் காசு தேடி நிற்க வேண்டாம்.

வேலை தொடங்கும் முன் வயரைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். பெட்டியின் இரும்பைத் தொட்டுவிட்டுப் பொருளைத் தொடுங்கள். உடம்பில் தேங்கும் நிலை மின்சாரம் சிப்பைப் பழுதாக்கும். பழக்கமில்லாதவர்கள் இதைத் தெரிந்தவரிடம் விடுவதே நல்லது.

மாட்டிய பின் முதல் தடவை போடும்போது டிலீட் அல்லது எப்2 பட்டனை விட்டு விட்டு அழுத்தினால், பெரும்பாலான போர்டுகளில் பயோஸ் திரை வரும். திகதி சரியா, ரெம் முழுதாகத் தெரிகிறதா, டிஸ்க் தெரிகிறதா என்று பாருங்கள். விண்டோஸ் 11 போடுவதானால் டி.பி.எம். வசதி திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இன்டெல் போர்டில் அது பி.டி.டி. என்றும், ஏ.எம்.டி. போர்டில் எப்.டி.பி.எம். என்றும் பெயர் போட்டிருக்கும்.

பிறகு பென் டிரைவை மாட்டி விண்டோஸ் போடலாம். உரிம எண் கேட்டால், எண் இல்லை என்பதைத் தெரிவு செய்து மேலே போகலாம். உரிமத்தைப் பின்னர் உறுதி செய்துகொள்ளலாம்.

அடுத்து எந்த டிஸ்க்கில், எந்தப் பகுதியில் போடுவது என்று கேட்கும். இங்கேதான் கை நிதானமாக இருக்க வேண்டும். டிலீட், போர்மட் என்ற இரண்டையும் அமுக்கினால் அந்தப் பகுதியில் இருப்பது போய்விடும். அமுக்காமல் பழைய விண்டோஸ் இருந்த பகுதியையே தெரிவு செய்தால், பழையவை விண்டோஸ் ஓல்ட் என்ற பெட்டியில் ஒதுக்கி வைக்கப்படும். ஆனால் அதை நம்பிப் பிரதி எடுக்காமல் இருக்க வேண்டாம். பழைய முறையில் பிரிக்கப்பட்ட டிஸ்க்கைப் புதிய போர்ட் ஏற்காமல், அதை அழித்துப் பிரிக்க வேண்டிய நிலையும் வருவதுண்டு. பிரதி இருந்தால் அப்போதும் பயமில்லை. வேறு டிஸ்க்குகள் மாட்டியிருந்தால் முதலில் அவற்றைக் கழற்றி வையுங்கள்.

6. போட்ட பின்

முதலில் நெட்வேர்க் டிரைவர், பிறகு போர்ட் கம்பனியின் மற்ற டிரைவர்கள், அதற்குப் பிறகு விண்டோஸ் அப்டேட். உரிமம் கேட்டால் செட்டிங்ஸில் அக்டிவேஷன் பகுதிக்குப் போய், சமீபத்தில் பொருள் மாற்றினேன் என்பதைத் தெரிவு செய்து உங்கள் மைக்ரோசொப்ட் கணக்கால் உள்ளே செல்லுங்கள். தனியாக வாங்கிய உரிமம் என்றால் பெரும்பாலும் சரிவரும். பிறகு எழுத்துரு, பிரிண்டர். கடைசியாகப் பிரதியிலிருந்து கோவைகளைத் திருப்பி வையுங்கள். திருப்பி வைத்த அன்றே பிரதியை அழிக்க வேண்டாம். ஒரு மாதமாவது இருக்கட்டும்.

7. கடைக்குக் கொடுத்தால்

எல்லோரும் இதைத் தாங்களே செய்ய வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. கடைக்குக் கொடுக்கும்போது ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள்:

- டிஸ்க்கில் உள்ளதைப் பிரதி எடுக்காமல் போர்மட் செய்ய வேண்டாம்.
- விண்டோஸைப் புதிதாகப் போடத்தான் வேண்டுமா, ஏன் என்று முதலில் சொல்லவும்.
- கழற்றிய பழைய பொருட்களைத் திருப்பித் தரவும்.

வாய்ப் பேச்சு மறந்து போகும். துண்டு மறக்காது. அதில் ஒரு பிரதியை உங்களிடமும் வைத்துக்கொள்ளுங்கள்.

பாடத்தைப் படித்த பிள்ளைகளுக்கு மூன்று கேள்விகள்

1. மதர்போர்ட் எரிந்தால் டிஸ்க்கில் உள்ள கடிதங்களும் அழிந்துவிடுமா?
2. பிட்லொக்கரின் மீட்பு எண்ணை ஏன் முதலிலேயே எழுதி வைக்க வேண்டும்?
3. பாமினிக் கடிதம் புது விண்டோஸில் ஆங்கில எழுத்தாகத் தெரிந்தால் என்ன செய்வது?

விடைகள் மேலேயே இருக்கின்றன. வாசிக்கத் தெரியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால், பிள்ளைகள் இந்தப் பாடத்தை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். பத்திரங்கள் பெரும்பாலும் அவர்களுடையவைதான்.

அந்த அம்மாவுக்குக் கடைசியில் பணம் கிடைத்துவிட்டது. புதிதாக எடுத்த சாட்சிப் பத்திரத்தையும் எங்களிடமே ஸ்கேன் செய்யக் கொடுத்தார். இப்போதும் நிலையத்தின் பக்கம் வந்தால், "நம்ம பத்திரம் மெஷின்ல இருக்குங்களா ஐயா?" என்று கேட்காமல் போகமாட்டார். "மெஷின்லயும் இருக்கும்மா, வெளியேயும் இருக்கு" என்று சொல்கிறோம்.

அடுத்த பாடத்தில் சந்திப்போம். அதுவரை, பின்னேரம் மேகம் கறுத்தால் கொம்பியூட்டர் வயரைக் கழற்ற மறக்காதீர்கள்.